மோதிர விரலும் ‘ஏ’ விசையும்

ஊறுகாய்க் குடுவை ஒன்றைக் கழுவும்போது என் இடது மணிக்கட்டு அறுபட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம். குடுவை நழுவியது, விழாமல் பிடிக்கப் போனேன், அது தொட்டியின் விளிம்பில் மோதி உடைந்தது, என் கை அதன்மேல் இறங்கியது. சுண்டுவிரல் பக்கமாக இரண்டு அங்குலம்கூட இல்லாத வெட்டு. பெரிதாக வலிக்கவில்லை. அதனால் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, முதலில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிடலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் வலது கையால் இடது கையின் கடைசி இரண்டு விரல்களைத் தொட்டேன். இன்னொருவர் விரலைத் தொடுவதுபோல இருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் ரயில் பராமரிப்புப் பணிமனையில் தொழில்நுட்பர். எந்த இயந்திரத்தில் எது கழன்றாலும் பதறமாட்டார். துணியில் ஊறிய ரத்தத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்சியை நான்தான் ஒரு கையால் வரவழைத்தேன்.

நரம்பையும் இரண்டு தசைநாண்களையும் தைத்தார்கள். நரம்பு திரும்ப வளரும், ஆனால் மிக மெதுவாக வளரும், எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் அறுவை மருத்துவர். எனக்கு அப்போது நாற்பது வயது. விமானச் சரக்கு நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை. பகல் முழுவதும் தட்டச்சுதான். இரண்டு மாதம் மருத்துவ விடுப்பு, பிறகு ஒரு கையால் தட்டும் வேலை. இதற்கெல்லாம் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு விளையாட்டு இயந்திரம் வந்தது. நான் சொல்ல வந்தது அதைப் பற்றி.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பது, இருபது வயதில் நான் கணினி விளையாட்டுக்காரி. சிங்கப்பூரில், தேக்கா பகுதியில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் லேன் கடை ஒன்று இருந்தது. முப்பது கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். படி ஏறும்போது மல்லி, சீரக வாசனை. கதவைத் திறந்தால் வியர்வையும் கோப்பை நூடல்ஸும். பாலிடெக்னிக் வகுப்பு முடிந்ததும் நேரே அங்கேதான் போவேன். ஐந்து பேர் ஓர் அணி, நான் ஒருத்திதான் பெண். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. நான் சுடுவதில் சுமார்தான். ஆனால் எதிரி எந்தப் பக்கம் வருவான், யார் எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அதனால் வழி சொல்வது என் வேலை ஆயிற்று. நான்கு பையன்களும் என்னை ‘லீடர்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

கணினியில் அந்த வகை விளையாட்டை வலது கையை மவுஸிலும் இடது கையை விசைப்பலகையிலும் வைத்து ஆடுவார்கள். முன்னும் பின்னும் போவது இடது கையின் நடுவிரல் பொறுப்பு. வலப்பக்கம் நகர ஆள்காட்டி விரல். இடப்பக்கம் நகர ‘ஏ’ விசை, அதை அழுத்துவது மோதிர விரல். சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் காலடிச் சத்தம் கேட்காமல் நடக்கலாம். எழுதினால்தான் இது இவ்வளவு நீளம். ஆடும்போது விரல்கள் இருப்பதே தெரியாது.

கன்சோல்காரர்களை நாங்கள் மதித்ததில்லை. தொலைக்காட்சியில் ஒரு பெட்டியைச் செருகிவிட்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு, கையில் பிடித்த கன்ட்ரோலரின் சின்னக் குச்சிகளைக் கட்டைவிரலால் தள்ளி ஆடுகிறவர்கள். கட்டைவிரலால் சரியாகக் குறிபார்க்க முடியாது என்பதால் இயந்திரமே கொஞ்சம் உதவி செய்யும். பிள்ளைகள் சைக்கிளில் பக்கத்தில் மாட்டும் சின்னச் சக்கரம் மாதிரி என்று கேலி செய்தது நான்தான். எங்கள் அணியில் அது ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது.

வேலை கிடைத்ததும் விளையாட்டு நின்றது. யாரும் தடுக்கவில்லை. கல்யாணம், பொங்கோலில் அரசாங்க அடுக்குமாடியில் ஒரு வீவக வீடு என்று நேரம் வேறு பக்கம் போனது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் என்னவாக இருந்தேன் என்று கணவரிடம் எப்போதோ ஒருமுறை மேலோட்டமாகச் சொன்னதோடு சரி.

கை அறுபட்ட பிறகு வாரம் ஒருமுறை மருத்துவமனையில் பயிற்சி. அதைக் கொடுத்தவர் என் வயதையொத்த சீனப் பெண். பிசைவதற்கு மெழுகு போன்ற ஓர் உருண்டை, பலகை ஓட்டைகளில் செருகுவதற்குச் சின்ன முளைகள். ஐந்தாவது மாதம் வீட்டுப் பயிற்சியை நான் நிறுத்திவிட்டேன். அவர் என் விரலை ஒருமுறை மடக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. முன்பு இந்தக் கையை வைத்து ஆசையாக என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் தையல் என்றும் சமையல் என்றும் சொல்வார்களாம். நான் தயங்கித் தயங்கி, துப்பாக்கி விளையாட்டு என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்த இயந்திரத்தில் ஆடினாலும் விரலுக்கு நல்லதுதான், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு, வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிக் கோப்பில் குறித்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். கணவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் கன்சோல் என்றார், நான் கணினி என்றேன்.

அடுத்த ஒரு வாரம் இதே பேச்சு. அவர் இரண்டு கடைகளில் போய் நின்று பார்த்துவிட்டு, பணிமனையில் அறிக்கை கொடுப்பதுபோலச் சொன்னார். கூடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது, ஒரு பெட்டியைச் செருகினால் போதும். கணினி என்றால் மேசை, நாற்காலி, திரை எல்லாம் வேண்டும், இரண்டாவது அறையில் பழைய பெட்டிகளைக் காலி செய்ய வேண்டும். நானும் காரணங்களை அடுக்கினேன். கணினியில் பாகங்களை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். அலுவலக வேலையையும் அதில் பார்க்கலாம். கன்சோலில் வராத விளையாட்டுகள் அதில் ஏராளம். சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் எதுவும் என் காரணம் இல்லை. என் இடது கையை அந்த நான்கு விசைகளின் மேல் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் காரணம். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தோம். அதாவது அவர் மடித்துக்கொண்டிருந்தார்.

“கம்ப்யூட்டர் வாங்குனா நீ அந்த ரூம்ல சுவத்தப் பாத்து உக்காந்துடுவே,” என்றார்.

“ஹெட்ஃபோன் போட்டுக்குவேன். உங்களுக்குச் சத்தம் கேக்காது.”

“நான் சத்தத்தப் பத்திச் சொல்லல லா. ஆறு மாசமா நீ சுவத்தப் பாத்துத்தான் உக்காந்திருக்கே.”

எனக்குக் கோபம் வந்தது. கை வெட்டுப்பட்டது யாருக்கு என்று கேட்டேன். அவர் மீதித் துணியை மடித்து அலமாரியில் வைத்தார். அவர் சொன்னதில் பாதியாவது உண்மை என்று இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது. பூசை முடிந்து வெளியே வந்ததும் நாலு பேர் என் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்பதற்காகத் தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். அலுவலகத் தோழிகள் வீட்டுக்கு வரவா என்று கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்வேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும்போதுகூட இடது கையைப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

அன்று பிற்பகல் அவரிடம் சொல்லாமல் ரோச்சோருக்கு ரயில் ஏறினேன். எங்கள் பழைய அணியில் ஒருவன் அங்கே கணினிக் கடை வைத்திருந்தான். கேட்கிற மாதிரி பாகங்களைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக் கொடுப்பான். முதல் நாள்தான் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன். கை விஷயம் மட்டும் எழுதவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவனுக்குத் தலை முன்பக்கம் வழுக்கையாகியிருந்தது, குரல் மாறவில்லை. “லீடர், வா,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். எனக்கு எந்த இயந்திரம் பொருத்தம் என்று பட்டியலே எழுதிவைத்திருந்தான். வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார் என்று, கடையில் மாதிரிக்கு வைத்திருந்த கணினியில் எங்கள் பழைய விளையாட்டின் புதிய பதிப்பைத் திறந்துவிட்டான்.

விரல்களை விசைகளின் மேல் வைத்தேன். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் இருபது வருடம் ஆகாததுபோல இடத்தைக் கண்டுகொண்டன. முன்னால் போனேன், வலப்பக்கம் போனேன். சுவருக்குப் பின்னால் மறைய இடப்பக்கம் நகர வேண்டும். மோதிர விரல் கொக்கிபோல வளைந்து ‘ஏ’ விசைக்கும் பக்கத்து விசைக்கும் நடுவில் நின்றது. எதன்மேல் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்து அழுத்தினேன். அதற்குள் சுட்டுவிட்டார்கள். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அதேதான்.

“என்னா லீடர், லெஃப்ட்டுக்கே போக மாட்டேங்கிற?” என்று அவன் சிரித்தான்.

“போக முடியலடா. விரல் வேலை செய்யல,” என்று சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினேன்.

அவன் தழும்பைப் பார்த்தான். எப்போது நடந்தது, ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டான். பிறகு வேலையில் இறங்கிவிட்டான். இடப்பக்கம் நகரும் விசையை வேறு இடத்துக்கு மாற்றிப் பார்த்தான். பக்கவாட்டில் பொத்தான்கள் உள்ள மவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து, வலது கட்டைவிரலால் இடப்பக்கம் நகரும்படி செய்தான். அது வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் யோசித்து அழுத்த வேண்டியிருந்தது. அந்த விளையாட்டில் யோசிப்பதற்குள் ஆள் காலி. அரைமணி நேரம் கடைக்கு வந்தவர்களைக்கூடக் கவனிக்காமல் எனக்காக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். நான் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், பரவாயில்லை, பட்டியலில் இருப்பதை அப்படியே பூட்டிக் கொடு என்றேன்.

“இப்பக் குடுக்க மாட்டேன்,” என்றான். “நீ கோவத்துல வாங்குற. விரல் வந்தா வா. வரலன்னாலும் வா, ரெண்டு பேரும் உக்காந்து வேற மாதிரி யோசிப்போம். இன்னிக்கு வேணாம்.”

கடைக்காரனே விற்க மாட்டேன் என்பது எனக்கு அவமானமாக இருந்தது. நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். தேக்கா வழியாக நடந்தேன். நல்ல வெயில். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பசிதான் எடுத்தது. ஒரு கடையில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். அந்த நான்கு விசைகளைப் பற்றியும் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. விரல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று சாப்பாட்டு மேசைமேல் என் கையை வைக்கச் சொல்லி, ஓர் இயந்திரப் பாகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆறு மாதத்தில் நான் யாரையும் அவ்வளவு நேரம் அந்தக் கையைப் பார்க்க விட்டதில்லை. நாளைக்குக் கன்சோலையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிடேன் என்றார். சரி என்றேன்.

மறுநாள் பொங்கோல் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதிக்குப் போனோம். மின்சாதனக் கடையில் பெரிய திரைக்கு முன்னால் ஒரு கன்ட்ரோலர் கம்பியில் கட்டித் தொங்கியது. கையில் எடுத்தேன். இடது மோதிர விரலும் சுண்டுவிரலும் அதன் அடிப்பக்கத்தைச் சுற்றிச் சும்மா கிடந்தன. அவை செய்ய வேண்டியது அவ்வளவுதான். குச்சியைத் தள்ளுவது கட்டைவிரல், மேல்பொத்தானை அழுத்துவது ஆள்காட்டி விரல். குச்சியை இடப்பக்கம் தள்ளினேன். திரையில் இருந்த ஆள் இடப்பக்கம் போனான்.

மற்றபடி படுமோசம். குறிபார்க்கப் போனால் அந்த ஆள் ஆகாயத்தைப் பார்த்தான், அல்லது தன் காலைப் பார்த்தான். காலால் கையெழுத்துப் போடச் சொன்னதுபோல இருந்தது. ஆனாலும் அன்றே வாங்கிவிட்டோம். இரண்டு கன்ட்ரோலர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். கணவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உற்சாகமாக நடந்தார். எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. தோற்றுப்போய் வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் தோன்றியது.

வாரக் கடைசிகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடினேன். துப்பாக்கி விளையாட்டைத் தொடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு படகில் போகும் விளையாட்டு ஒன்று இருந்தது. பாறையில் மோதாமல், சுழலில் மாட்டாமல் சரக்கைக் கரை சேர்க்க வேண்டும், இருவருக்கும் ஆளுக்கொரு துடுப்பு. கணவர் மரியாதைக்காக இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தார். அதுவரை அவர் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. படகு திரும்ப வேண்டிய பக்கம் உடம்பையே சாய்ப்பார். கன்ட்ரோலரைத் தலைக்கு மேல் தூக்குவார். முதல் நாள் முழுவதும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, நான் அவருக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. இடது, இப்போது வேண்டாம், நான் சொன்ன பிறகு, மூன்று தடவை துடுப்பை வலி, நிறுத்து. அவர் சொன்னதைச் சொன்னபடி செய்தார். படகு சுழலைச் சுற்றிக்கொண்டு போய்க் கரையில் நின்றது. அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒனக்கு இப்படிப் பேச வருமா?”

“முன்னாடி வரும்.”

“கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷமாச்சு. நான் கேட்டதே இல்லயே.”

அப்போதுதான் அவரிடம் முழுதாகச் சொன்னேன்: அந்த மாடிப்படி, முப்பது கணினிகள், நான்கு பையன்கள், கடல் தாண்டிப் பினாங்கில் போய் ஆடி இரண்டாவது சுற்றில் தோற்றது, வீட்டில் கல்லூரிச் சுற்றுலா என்று பொய் சொன்னது. அவர் நடுநடுவே கேள்வி கேட்டார். நாலு பையன்களோட பினாங்கா என்று இரண்டு தடவை கேட்டார். அன்று மதியச் சமையல் நடக்கவில்லை. கீழே காப்பிக் கடையில் கோழிச் சோறு வாங்கிவந்து சாப்பிட்டோம். மறுவாரம் இருவரும் பூசைக்குப் போனோம். எதிர்பார்த்தபடியே நாலைந்து பேர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, தங்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்துக் கணினிக் கடை நண்பனிடமிருந்து செய்தி வந்தது. பழைய அணியில் மூன்று பேர் இன்னும் சனிக்கிழமை பிற்பகல்களில் ஆடுகிறார்களாம். இப்போது ஆடும் விளையாட்டில் கன்சோலில் இருப்பவர்களும் கணினியில் இருப்பவர்களோடு சேரலாமாம். நான் அன்று எழுந்து போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சேர்ந்தேன். கன்சோலில் ஆடுகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கன்ட்ரோலர் படம் வரும், எல்லாரும் பார்க்கலாம். இப்போது செம்பவாங்கில் பேருந்து ஓட்டும் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, லீடர் சின்னச் சக்கரம் மாட்டிக்கிட்டு வந்திருக்கு என்றான். ஆமாடா என்றேன். மூன்று ஆட்டம் தோற்றோம். நான்காவதில் நான் சுடுவதை விட்டுவிட்டு வழி மட்டும் சொன்னேன். அதிலும் தோற்றோம், ஆனால் நெருங்கி வந்து தோற்றோம்.

ஒன்றரை வருடம் ஆன பிறகு மருத்துவமனையில் இனி வர வேண்டாம் என்றார்கள். மோதிர விரலில் பெரும்பாலும் உணர்ச்சி திரும்பிவிட்டது. சுண்டுவிரல் இன்றும் மற்ற விரல்களோடு சேராமல் தள்ளித்தான் நிற்கிறது, குளிர்சாதன அறையில் மரத்துப்போகும். விளையாட்டால்தான் இவ்வளவு தேறியதா என்று பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டேன். நரம்பு அதன் வேகத்தில் வளரும், நீங்கள் கையைப் பயன்படுத்துவதை நிறுத்தாமல் இருந்தது உதவியிருக்கும், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றார். நேர்மையான பதில்.

அந்த வாரம் ரோச்சோருக்குப் போய் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மாதிரிக் கணினியைத் திறந்துவிட்டான். ‘ஏ’ விசையை அழுத்தினேன். அரை நொடி தாமதமாக இடப்பக்கம் போனது. இப்போது பூட்டித் தரவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பெரிய முடிவு ஒன்றும் இல்லை. அந்த அரை நொடியோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பம் இல்லாமல் போய்விட்டது. கட்டைவிரலும் ஓரளவு குறிபார்க்கப் பழகியிருந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் கணினிப் பேச்சு ஓயவில்லை. இப்போது கேட்பது கணவர். ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றை எங்கோ பார்த்திருக்கிறார். சமிக்ஞை, பிரேக், கதவு எல்லாம் நிஜம் போலவே இருக்குமாம், கணினியில் மட்டும்தான் வருமாம். வேலையிலும் ரயில், வீட்டிலும் ரயிலா என்று கேட்டேன்.

“அங்க ரிப்பேர் பாக்குறதோட சரி,” என்றார். “ஓட்ட விட மாட்டாங்க.”

என் நண்பனிடம் அவரே நேரில் போய்ப் பாகங்களின் பட்டியலை வாங்கிவந்துவிட்டார். இருவரும் என்னைச் சேர்க்காமல் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். இரண்டாவது அறையில் பழைய பெட்டிகள் பாதி காலியாகிவிட்டன. மீதியை என்ன செய்வது என்று இந்த வாரக் கடைசியில் பார்க்க வேண்டும்.